எல்வியோ எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்?

1

இந்தக் கதை ஒரு சுவரிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஏதோ மனித மனத்தின் ஆழத்தில் மூழ்கி முத்தெடுத்து வந்ததாக நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது.

அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, எதிர்வீட்டு ஃபுல்வியா தன் காரில் என்னை ரோக்காபியானாவுக்குக் கூட்டிப்போனாள். ரோமிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம். (ஊரின் பெயரை மாற்றியிருக்கிறேன், ஆட்களின் பெயர்களையும். கோயில் நிலவறையில் இருக்கிற எழுநூறு வருஷத்து ஓவியத்தை மட்டும் மாற்றவில்லை, அதை நான் பார்க்கவே இல்லை என்பதால்.) சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டரை மணிக்குக் கோயிலுக்குப் போனால், பூட்டியிருந்தது. மூன்றரைக்கு ஒரு அடக்கப் பூசை இருப்பதாகவும் அன்றைக்கு ஓவியம் கிடையாது என்றும் கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஊரே கடை சாத்தித் தூங்கிக்கொண்டிருந்தது. செய்ய வேறு வேலையில்லாமல் ஃபுல்வியா சுவரைப் படிக்க ஆரம்பித்தாள்.

சுவர் என்றால் சாவுப் போஸ்டர் ஒட்டுகிற சுவர். நம் ஊர்ப் போஸ்டர் போலப் படமும் பட்டப்பெயரும் கிடையாது. கறுப்புக் கோட்டுக்குள் ஒரு சிலுவை, செத்தவர் பெயர், வயது, அப்புறம் துக்கப்படுகிறவர்களின் பெயர் வரிசை. அவ்வளவுதான்.

"ஏய், இங்க வா. இதப் பாரேன்" என்றாள்.

ஒரெஸ்தே பெர்ஜிலி, வயது எழுபத்தேழு. மனைவி ஜெர்மானா, மகன் தானிலோ, மகள் சப்ரீனா, மருமகன், மருமகள், பேரப்பிள்ளைகள் நான்கு பேர், சகோதரி லீனா, மைத்துனர்கள். ஆஸ்பத்திரி மூன்றாம் மாடி நர்சுகளுக்குத் தனி வரியில் நன்றி.

அதை ஒட்டி, பசை காயாமல் இன்னொரு போஸ்டர். அதே கறுப்புக் கோடு, அதே எழுத்து. "அண்ணன் ஒரெஸ்தேக்காகத் தம்பி எல்வியோ அழுகிறார்." வேறு எதுவும் இல்லை.

"நர்சுங்களுக்கெல்லாம் நன்றி சொல்லியிருக்காங்க. கூடப் பொறந்தவன் பேரு இல்ல" என்றாள் ஃபுல்வியா.

"மறந்திருப்பாங்க."

"மறக்குறதா? எத்தன வருஷமா இந்த நாட்டுல சோறு திங்கிற நீ? சாவுப் போஸ்டர்ல பேரு விட்டுப்போச்சுன்னா என்னன்னு தெரியாதா உனக்கு?"

இருபத்து மூன்று வருஷம். தெரியும். இந்த மாதிரி ஊர்களில் யார் யாருக்கு உறவு என்பதற்கு அந்தத் தாள்தான் அத்தாட்சி. அதில் பெயர் உள்ளவர்கள் கோயிலில் முதல் பெஞ்சில் உட்காருவார்கள். பூசை முடிந்ததும் ஊர் வரிசையில் வந்து அவர்கள் கையைப் பிடிக்கும். பெயர் இல்லாதவனுக்கு அந்தப் பெஞ்சும் கிடையாது, அந்தக் கைகளும் கிடையாது. சொந்த அண்ணன் சாவில் அவன் விருந்தாளி.

அப்படியானால் இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்த எல்வியோ எங்கே போய் உட்காருவார்?

இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். ஃபுல்வியா கார்ச் சாவியை எடுத்துவிட்டாள். "ஓவியம் பாக்க வந்தோம், சாவு பாக்க வரல. வெக்கமா இல்ல உனக்கு? ஏறு வண்டியில."

ஏறினேன். கதை எழுதுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைத்ததில்லை. பார்க்க விட்டிருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: எல்வியோ பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கோயில் மணி

(இல்லை. என் எல்வியோ ஊரை விட்டு நாற்பது வருஷமாக ரோமில் இருக்கிறவர், கார் வைத்திருப்பார். தவிர, மணியடித்துத் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

இரண்டாவது தொடக்கம்: சகோதரர்களுக்கிடையிலான மௌனம் என்பது ஒரு வகையில்

(எந்த வகையிலும் இல்லை. அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் இங்கே விட்டிருக்கிறேன்.)

மூன்றாவது, வெள்ளிக்கிழமை காலை. இதை வைத்துக்கொண்டேன்.

எல்வியோவுக்கு எழுபத்திரண்டு வயது. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணன் செத்த செய்தியை அவருக்கு அக்கா லீனா போனில் சொன்னாள். வண்டியை ஊர் வாசலில் நிறுத்திவிட்டு நேரே சுவருக்குத்தான் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையைப் படித்தார். முதல் தடவை படித்தபோது வேகமாகப் படித்துவிட்டோம் என்று நினைத்தார். இரண்டாவது தடவை விரலை வைத்துப் படித்தார். லீனாவுக்கு அடுத்து மைத்துனர்கள் வந்தார்கள். மூன்றாவது தடவை படிக்கவில்லை, பின்னால் யாரோ வருகிற சத்தம் கேட்டது.

அடக்க ஏற்பாடு செய்கிற கடை சதுக்கத்துக்குப் பின்னால் இருந்தது. உள்ளே இருந்தவன் முப்பது வயதுக்காரன். எல்வியோவை அவனுக்குத் தெரியாது.

"போஸ்டர் ஒண்ணு அடிக்கணும்."

"யாருக்குங்க?"

"ஒரெஸ்தே பெர்ஜிலிக்கு."

"அது நேத்தே ஒட்டியாச்சே, ஐயா."

"அவங்க ஒட்டுனது எத்தன?"

"இருபத்தஞ்சு."

"எனக்கும் இருபத்தஞ்சு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒட்டணும். ஒண்ணு விடக் கூடாது."

பையன் நிமிர்ந்து பார்த்தான். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

எல்வியோவுக்குக் கோபம் வந்தது. பிறகு, இந்தக் கேள்வியை இனி ஊர் முழுக்கக் கேட்கும் என்று தோன்றியது. கோபம் போய்விட்டது.

"தம்பி" என்றார். "பெரிய எழுத்துல போடு."

(சுவரில் நான் பார்த்தபோது எல்லாம் ஒரே அளவு எழுத்துதான். கடைக்காரன் போடவில்லை போலும். அல்லது எல்வியோ கேட்கவே இல்லை. கேட்டார் என்று நான்தான் ஆசைப்படுகிறேன்.)

3

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: அண்ணன் தம்பிக்குள் என்ன சண்டை?

நிலம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆலிவ் தோப்பு, பாகம் பிரித்தது, ஒரு மரம் கூட ஒரு மரம் குறைய. உங்களுக்கும் பழக்கம், எனக்கும் பழக்கம். அதனாலேயே எனக்கு அது அலுப்பாக இருந்தது. நான் வைத்த காரணம் வேறு.

ரோக்காபியானாவின் காவல் புனிதர் சான் பியாஜோ. தொண்டை நோய்க்குக் கைகண்ட சாமி. பிப்ரவரி மூன்றாம் தேதி சப்பரத்தில் ஊர் சுற்றுவார். தூக்குகிறவர்கள் பதினெட்டுப் பேர். எந்தத் தோள் எந்தக் கட்டைக்கு என்பது பரம்பரை. அப்பாவின் இடம் ஒரெஸ்தேக்கு வந்தது, சித்தப்பாவின் இடம் எல்வியோவுக்கு. ஒருவர் பின்னால் ஒருவர். எல்வியோ எங்கே வேலை பார்த்தாலும் அந்த ஒரு நாள் வந்து அண்ணன் முதுகைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் நடப்பார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரியில் அவருக்குச் சிறுநீரகக் கல். படுக்கையை விட்டு எழ முடியவில்லை. இடம் காலியாகிவிடுமே என்று அவர் மனைவியின் தம்பி நெல்லோவிடம் தன் வெள்ளை அங்கியையும் சிவப்புக் கச்சையையும் கொடுத்து அனுப்பினார். நெல்லோ எருமை மாதிரி ஆள், தனியாகவே பாதிச் சப்பரத்தைத் தூக்குவான். ஒரே ஒரு குறை, அவன் வல்லெரோசாக்காரன்.

(வல்லெரோசா என்பது அடுத்த குன்றில் இருக்கிற ஊர். ரோக்காபியானாக்காரர்கள் அதைப் பற்றிச் சொல்வதை எழுதினால் பதிப்பாளர் வெட்டிவிடுவார். வல்லெரோசாவுக்குப் போய்க் கேட்டால் அதையே இவர்களைப் பற்றிச் சொல்வார்கள்.)

பாதி வழியில் யாரோ அவன் முகத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள். சப்பரத்தைத் தெருவில் இறக்கினார்கள். எந்தக் காலத்திலும் நடக்காத காரியம். தூறலில், மீன் கடை வாசலில் பதினோரு நிமிஷம் சான் பியாஜோ நின்றார். நெல்லோவிடமிருந்து கச்சையை உருவிக்கொண்டு அனுப்பிவிட்டு, பதினேழு பேராகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் ஒரெஸ்தே போன் செய்தார்.

"நம்ம சாமிய வல்லெரோசாக்காரன் தோள்ல ஏத்திட்டியேடா."

"இடம் காலியா இருக்கக் கூடாதுன்னுதாண்ணே—"

"காலியாவே விட்டிருக்கலாம்ல! எனக்குப் பின்னால ஒரு இடம் காலியா வருதுன்னா, அது உன் இடம்னு ஊரு பாத்திருக்கும். இப்ப என்னத்தப் பாத்துச்சு?"

"உடம்பு முடியாம கெடக்குறேன், எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

"எப்படி இருக்க?"

"வலிக்குது."

"வலிக்கட்டும்" என்று வைத்துவிட்டார். அதுதான் கடைசிப் பேச்சு.

இதை ஃபுல்வியாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"இதுக்குப் போயி பத்தொம்பது வருஷமா?" என்றாள். "யாரு நம்புவா?"

"நீ ரோம்காரி. உனக்குப் புரியாது."

"நீ மட்டும் ரோக்காபியானால பொறந்தவனாக்கும்" என்றாள்.

4

போஸ்டரில் எல்வியோ பெயரை விட்டது யார்? எனக்குச் சந்தேகம் ஒரெஸ்தேயின் மனைவி ஜெர்மானா மேல்தான்.

முதல் வரைவில் அவளைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். உதட்டைச் சுழித்துக்கொண்டு, "அவரு பேரு எதுக்கு?" என்று கடைக்காரனிடம் சொல்கிற பெண். கை தானாக எழுதிவிட்டது. அண்ணன் தம்பியைப் பிரிக்க வந்தவள் என்று பழியை அண்ணி தலையில் போடுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள். நான் பார்த்ததெல்லாம் அவள் பெயரை மட்டும்தான். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

அடுத்த வரைவில் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறாள். ஒரெஸ்தே தன் போஸ்டரைத் தானே சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறாள். (இங்கே பலர் அப்படிச் செய்வதுண்டு. செத்த பிறகும் அடுத்தவர் தன் பெயரைத் தப்பாகப் போட்டுவிடுவாரோ என்கிற கவலை.)

"நீ, பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க. எழுதுனியா?"

"எழுதிட்டேன்."

"லீனா."

"லீனா... அப்புறம்?"

ஒரெஸ்தே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்புறம் ஒரு வரி காலியா விடு" என்றார்.

"காலியா விட்டா?"

"விடு. ஊருக்குப் புரியும். அவனுக்கும் புரியும்."

ஜெர்மானா ஒரு வரி விட்டு எழுதினாள். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள். கடைக்காரப் பையனுக்கு என்ன தெரியும்? வீணாக ஒரு இடைவெளி கிடக்கிறதே என்று மைத்துனர்களை மேலே ஏற்றிவிட்டான். ஒட்டிய பிறகு பார்த்த ஜெர்மானா அந்தச் சுவர் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இதையும் ஃபுல்வியாவுக்குப் படித்தேன். மூக்கைச் சிந்தினாள். "ரொம்ப நல்லா இருக்குடா" என்றாள். அவள் அப்படிச் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கதையில் எல்லாம் இப்படி அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறதென்றால், தையல்காரன் நான்தானே? அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு கிழவருடைய பெயர் ஒரு தாளில் இல்லை. தெரிந்தது அவ்வளவுதான்.

அடிக்கலாமா வைக்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். வைத்திருக்கிறேன், பொய் என்று சொல்லிவிட்டு.

5

கோயில் காட்சிக்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) எல்வியோ நடுவழியில் தயங்கி நிற்கிறார். முதல் பெஞ்சிலிருந்து ஜெர்மானா திரும்பிப் பார்க்கிறாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறாள். இதை எழுத எனக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதனால் நம்பவில்லை.

ஆ) எல்வியோ கடைசிப் பெஞ்சில், தவறுதலாக உள்ளே வந்துவிட்ட சுற்றுலாக்காரர்கள் இரண்டு பேருக்கு நடுவில் உட்காருகிறார். ஓவியம் எங்கே இருக்கிறது என்று அவர்கள் அவரிடம் கேட்கிறார்கள். அவர் சொல்கிறார். (இது கொஞ்சம் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தச் சுற்றுலாக்காரர்கள் நானும் ஃபுல்வியாவும்தான் என்பது தெரிந்ததும் பிடிப்பு விட்டுப்போனது.)

இ) சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர். மகன் தானிலோவுக்கு முதுகு வலி. எல்வியோ முன்னால் வந்து தோளைக்

இதை முடிக்கவில்லை. ஒரு நாள் முழுக்க எனக்கு இது அற்புதமாகத் தோன்றியது. சாமியைத் தூக்கத் தவறிய தோள் அண்ணனைத் தூக்குகிறது! மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது வெட்கமாகிவிட்டது. தவிர, இப்போதெல்லாம் பெட்டியை யார் தூக்குகிறார்கள்? கடைக்காரர்களே சக்கரம் வைத்த வண்டியில் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

6

நவம்பர் கடைசியில் முப்பதாம் நாள் பூசை வரும். அதற்கும் போஸ்டர் ஒட்டுவார்கள். முப்பது நாளில் குடும்பத்தின் மனம் மாறியிருந்தால் அந்தப் போஸ்டரில் தெரிந்துவிடும். ஃபுல்வியா வர மறுத்தாள். நான் பஸ் பிடித்துப் போனேன்.

சதுக்கத்து பாரில் ஒரு காப்பி கேட்டுவிட்டு, கல்லாவில் இருந்த மிரெல்லாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரெஸ்தே வீட்டுக்கு ஐந்தாவது வீடு.

"அண்ணன் தம்பி சண்ட, சப்பரத்தாலதானே வந்துச்சு?" என்று தெரிந்த மாதிரி போட்டுப் பார்த்தேன்.

"சப்பரமா? எந்தச் சப்பரம்?" என்று சிரித்தாள். "யாருண்ணே உங்களுக்கு இந்தக் கதையெல்லாம் சொல்றது?"

யாரென்று நான் சொல்லவில்லை.

"அப்ப நிஜக் காரணம்?"

"அது அவங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அதுல ஒருத்தரு போயிட்டாரு." டம்ளரைத் துடைத்துக்கொண்டே கண்ணாடிக் கதவுக்கு வெளியே தலையால் காட்டினாள். "இன்னொருத்தரு அதோ நிக்கிறாரு. ஒரு மணி நேரமா அங்கயேதான் நிக்கிறாரு."

சுவர் முன்னால் ஒரு கிழவர். நான் எழுதியதைவிடக் குள்ளம். கண்ணாடி போட்டிருக்கவில்லை. பச்சை மழைக்கோட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். ஒரு எட்டுத் தள்ளி நின்று, நோட்டை எடுத்துப் போஸ்டரைப் பார்த்து எழுதத் தொடங்கினேன்.

"என்ன எழுதறீங்க? நகராட்சி ஆளா?"

"இல்லைங்கய்யா. சும்மா."

"சாவுப் போஸ்டர யாராவது சும்மா எழுதுவாங்களா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க பாஷ படிப்பீங்களோ?"

"இருபத்து மூணு வருஷமா இங்கதான்யா இருக்கேன்."

"அப்ப இதக் கொஞ்சம் சத்தமாப் படிங்க, தம்பி. எனக்குக் கண்ணு சரியில்ல."

கண் சரியாகத்தான் இருந்தது. வேறொருவர் வாயால் கேட்க வேண்டும் அவருக்கு. படித்தேன். "ஒரெஸ்தே பெர்ஜிலி மறைந்த முப்பதாம் நாளில், இன்று மாலை ஐந்து மணிக்கு நடக்கும் பூசையில் அவருக்காக வேண்டிக்கொள்ள வருமாறு குடும்பத்தார் எல்லோரையும் அழைக்கிறார்கள்."

"பேரு?"

"பேரு எதுவும் போடலைங்கய்யா."

"யாரு பேரும் இல்லையா? ஜெர்மானா? லீனா?"

"இல்ல. குடும்பத்தார்னு மட்டும்தான் இருக்கு."

தலையை ஆட்டினார். தானே பத்துத் தடவை படித்திருப்பார்.

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "அடக்கத்தன்னிக்கு நீங்க எங்க உக்காந்தீங்க?"

"உக்காரல" என்றார். "கதவுகிட்ட, தீர்த்தத் தொட்டி பக்கத்துல நின்னுக்கிட்டே இருந்தேன். உள்ள வாங்கன்னும் யாரும் சொல்லல. வராதீங்கன்னும் யாரும் சொல்லல. போறப்போ சில பேரு என் கையையும் பிடிச்சாங்க. சில பேரு பிடிக்கல."

என் மூன்று முடிவுகளும் பையில் இருந்தன. ஒருவரால் உட்காராமல் நிற்கவும் முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பார் கதவைத் திறந்து மிரெல்லா எட்டிப் பார்த்தாள். "எல்வியோ மாமா, அஞ்சாகப் போவுது. பூசைக்குப் போகலையா?"

"போறேன், போறேன்."

"இப்படியே நின்னா எப்படி? ஜெர்மானா அத்தை உள்ள போயாச்சு. நேரா போயி ஒரு வார்த்த கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா அவ பதில் சொல்லிடுவாளே" என்றார் எல்வியோ.

மிரெல்லா கதவை மூடிக்கொண்டாள். சதுக்கத்தில் இரண்டு மூன்று பேராகக் கோயிலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகிற வழியில் எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்வியோ என் பக்கம் நெருங்கி வந்தார். வாயில் புதினா மிட்டாய் வாசனை.

"தம்பி, நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவரு. வெளியாளு. நீங்க யாரு பக்கமும் இல்ல." போஸ்டரில் 'குடும்பத்தார்' என்கிற அந்த ஒரு வார்த்தை மேல் விரலை வைத்தார். "இதுல நான் இருக்கேனா?"

ஒரு மாதமாக இந்த மனிதரின் வாயில் என்னென்னவோ பேச்சை வைத்தேன். சிறுநீரகத்தில் கல் வைத்தேன். அவர் அண்ணனைச் சாகும்போது ஜன்னல் பக்கம் திருப்பினேன். அப்போதெல்லாம் ஒரு கூச்சமும் இல்லை. இப்போது அவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. இருக்கிறீர்கள் என்று சொல்லி, அவர் முதல் பெஞ்சுக்குப் போய், அங்கே யாரும் நகராமல் போனால்? இல்லை என்று சொல்லி, அங்கே அவருக்கென்று ஓர் இடம் விட்டு வைத்திருந்தால்?

இந்த முடிவை நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி நடிக்கிற தைரியமும் போய்விட்டது. உங்களுக்கும் அண்ணனோ தம்பியோ இருக்கலாம். என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்த வார்த்தையில் அவர் இருக்கிறாரா, இல்லையா? கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லுங்கள். பூசைக்கு இன்னும் நான்கு நிமிஷம்தான் இருக்கிறது, அவர் விரலை எடுக்காமல் நின்றுகொண்டிருக்கிறார்.